ஐந்தாம் லைனில் மூன்று பேர்

வெள்ளி, 9 ஜனவரி 2004

ஒரே போர்வையை இந்தக் கிழமை மூன்றாம் தரம் தோய்த்துவிட்டோம்.

எங்கள் புளொக்கின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கிறது. அதைப்போல குரல் எதிரொலிக்கிற இடம் ஓஸ்லோவின் இந்த வெஸ்ட்லி முழுக்கத் தேடினாலும் கிடையாது. ஆனால் அங்கே சும்மா நின்று பாட ஏலாது. பலகையில் நேரம் பிடித்துச் சின்னப் பூட்டைப் போட வேண்டும். நேரம் பிடித்தால் தோய்க்க வேண்டும். தோய்க்காமல் நின்றால் மூன்றாம் மாடி நோர்வேக்காரி முறைப்பாடு எழுதிக் கதவில் ஒட்டுவா. ஆகவே மெஷினில் போர்வை சுற்றும், நாங்கள் மூன்று பேரும் பாடுவோம். அம்மாவுக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "என்ரை பிள்ளைக்கு இப்பதான் ஒரு பொறுப்பு வந்திருக்கு" என்று எல்லாருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்கிறா.

நிருஜாவுக்குத்தான் குரல். யதுர்ஷா என் சித்தியின் மகள். ஆட்டமும் தலையலங்காரமும் அவள் பொறுப்பு. நான் பாட்டு எழுதுகிறேன், கீழ்ச் சுருதியில் நின்று முட்டுக் கொடுக்கிறேன். குழுவின் பெயர் 'ஐந்தாம் லைன்'. எங்களை ஏற்றி இறக்குகிற ரி-பானெ ரெயின் லைன் அதுதானே, வெஸ்ட்லிதானே அதன் கடைசி. பெயர் வைத்தது நிருஜா. அவளின் அப்பா பரமநாதன் மாமா அந்த லைனில் ரெயின் ஓட்டுகிறார். "அப்பாவுக்காகவோ வைச்சனி?" என்று கேட்டேன்.

"போடி விசரி. அந்தாளுக்கோ?"

இதை நொர்ஸ்கில், நோர்வே மொழியில், எழுதினால் தங்கச்சி வாசிப்பாள். தமிழில் எழுதினால் அம்மா வாசிப்பா. அம்மா பரவாயில்லை. (அம்மா, வாசிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்.)

சனி, 24 ஜனவரி

பாடிவிட்டோம்! முதல் மேடை!

ரொம்மன் மண்டபத்தில் யதுர்ஷாவின் மச்சாள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு. ஆலாத்தி எடுத்து முடிந்து, சாப்பாடு திறந்த நேரம் பார்த்து எங்களை ஏற்றினார்கள். கொத்துரொட்டி மணக்கிற நேரத்தில் எவன் பாட்டுக் கேட்பான்? முந்நூறு சனம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றது.

சினிமாப் பாட்டு ஒன்றும் பாடவில்லை. எங்கள் சொந்தப் பாட்டு, 'கடைசித் தரிப்பு'.

இறங்கு இறங்கு, கடைசித் தரிப்பு,
இனித்தான் எங்கட ஊர் தொடங்குது —

இரண்டாம் தரம் நிருஜா 'இறங்கு' என்று மேலே எடுத்தாள். சாப்பாட்டு வரிசை அப்படியே நின்றது. கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள்! இதற்கு மேல் ஒரு தமிழ்ச் சனத்திடம் என்ன கேட்கிறது?

பிலேந்திரன் அண்ணை இரண்டு கமெராவில் எல்லாம் எடுத்தார். ஓஸ்லோவில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் வீடியோ அவர்தான். பரமநாதன் மாமா மட்டும் வாசலில் நின்று, "மூண்டு பேர் நிண்டுகொண்டு ஐந்து எண்டு பேர். மற்ற ரெண்டு பேரும் எங்கை? பெட்டையளுக்குக் கணக்கும் தெரியாது" என்றார். நிருஜா கேட்காத மாதிரி ரோல்ஸ் சாப்பிட்டாள்.

புதன், 28 ஜனவரி

எழுத்து கோணல்மாணலாய் வருது.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு விளம்பரம். ஜூன் 12, 'பட்டன் லேன்' வருகிறார்கள்! ஸ்கொட்லாந்தின் பாட்டுக்குழு பட்டன் லேன்! பதின்மூன்று வயதிலிருந்து என் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிற நாலு பெட்டையள்! அவர்களுக்கு முன்னால் இரண்டு பாட்டுப் பாட உள்ளூர்க் குழு ஒன்றைத் தேடுகிறார்களாம். மேடையில் பாடின வீடியோ அனுப்ப வேண்டும், மார்ச் 1க்கு முன்னம்.

எங்களிடம் மேடை இருக்கிறது. வீடியோவும் இருக்கிறது. பிலேந்திரன் அண்ணை வாழ்க!

வெள்ளி, 20 பெப்ரவரி

டிவிடி இன்னும் வரேல்லை. "எடிற்றிங் போகுது தங்கச்சி" என்கிறார். நாலு கிழமையாய்ப் போகுது.

வெள்ளி, 27 பெப்ரவரி

நாலேகாலுக்கு டிவிடி கையில் கிடைத்தது. ஐந்துக்குத் தபாற்கந்தோர் பூட்டுவார்கள். சறுக்குகிற பனியில் ஸ்தூவ்னர் வரைக்கும் ஓட்டம். யதுர்ஷா இரண்டு தரம் விழுந்தாள். அனுப்பியாச்சு! போட்டுப் பார்க்க நேரமில்லை. பார்க்க என்ன கிடக்கு, நாங்கள் பாடினதுதானே.

ஞாயிறு, 29 பெப்ரவரி

ஐயோ. ஐயோ. ஐயோ.

யதுர்ஷாவின் மச்சாள் வீட்டில் எல்லாரும் இருந்து டிவிடி பார்த்தோம். நாங்கள் மேடைக்கு வருகிறோம். நிருஜா வாயைத் திறக்கிறாள். வருவது ஒரு ஆம்பிளையின் குரல். படப்பாட்டு! எங்கள் சத்தத்தை ஒரு சொட்டு இல்லாமல் துடைத்துப்போட்டு, அந்த மனுசன் சினிமாக் காதல் பாட்டைப் போட்டிருக்கிறார். இடது பக்கத்திலிருந்து ஒரு அன்னம் பறந்து வருது. ரோசாப்பூ விரியுது. பூவுக்குள்ளே என் முகம், கண் பாதி மூடினபடி.

சித்தி, "நல்ல வடிவாய்ச் செய்திருக்கிறார்" என்றா.

இதைத்தான் ஸ்ட்ரோம்மனுக்கு அனுப்பியிருக்கிறோம்.

திங்கள், 1 மார்ச்

பிலேந்திரன் அண்ணையிடம் மூன்று பேருமாய்ப் போனோம். மனுசன் திகைத்துப் போனார். "ஹோல் சத்தம் ஒரே இரைச்சல் பிள்ளையள். சனம் சாப்பிடுற சத்தம், குழந்தையள் கத்துற சத்தம். எல்லா வீட்டுக்கும் படப்பாட்டுத்தானே போடுறனான். உங்களுக்கெண்டு பாத்து நல்ல பாட்டாத் தேடிப் போட்டன்."

அசல் வீடியோ நாடா எங்கை?

அதுக்கு மேலை ஒரு கலியாணம் எடுத்திட்டாராம்.

நியாயமாய்ப் பார்த்தால் எங்கள் பிழைதான். எந்தத் தமிழ் வீட்டு வீடியோவில் ஆர் பேசினது கேட்டிருக்கு? பதினேழு வயசாச்சு, இது தெரியாமல் இருந்திட்டம். வெஸ்ட்லியில் ரெயினால் இறங்கும்போது நிருஜா, "அன்னம், வினோ. அன்னம்" என்றாள். பிறகு மூன்று பேருக்கும் அடக்க முடியாத சிரிப்பு.

செவ்வாய், 9 மார்ச்

ஃபோன் வந்தது. ஸ்ட்ரோம்மனிலிருந்து. ஒரு பொம்பிளை, கதைக்க முடியாமல் சிரிக்கிறா.

"உங்கடை வீடியோவை பதினொரு தரம் பாத்திட்டம். கந்தோரிலை வேலை செய்யிற எல்லாரும் கோப்பியோடை வந்து பாக்கினம். எங்களுக்கு ஒண்டு தெரியவேணும். உங்களிலை ஆர் அந்த ஆம்பிளை?"

விளங்கப்படுத்தினேன். இன்னும் சிரித்தா. சனிக்கிழமை நேரே வந்து பாடிக் காட்டட்டாம்!

அன்னத்துக்குக் கோயில் கட்டவேணும்.

சனி, 13 மார்ச்

பாடினோம். எங்களை எடுத்திட்டினம். எடுத்திட்டினம்! எடுத்திட்டினம்!!

வெள்ளி, 2 ஏப்ரல்

எல்லாம் போச்சு.

பரமநாதன் மாமா குடும்பம் லண்டனுக்குப் போகுது. அவரின்ரை தமையன் அங்கை கடை வைச்சிருக்கிறாராம். பிள்ளையள் இங்கிலீசில் படிச்சால்தான் முன்னுக்கு வரலாமாம். எத்தினை குடும்பம் இப்பிடிப் போயிட்டுது, எனக்குத் தெரியாததோ? ஆனா நிருஜாவோ? நிருஜா ஏன் போகவேணும்? ரிக்கற் போட்டாச்சு, ஜூன் 26. நிகழ்ச்சி முடிஞ்சு சரியா ரெண்டு கிழமை.

நிருஜா சத்தம் போட்டிருக்கிறாள். "எங்கடை பாட்டு உங்களுக்கு ஒரு சதமும் இல்லை, என்னப்பா?" என்று கேட்டாளாம். அவர், "பாட்டுப் பாடிச் சீவிக்கேலாது" என்றாராம். அண்டைக்கு இவள் அவரோடு கதையை நிறுத்திவிட்டாள். உப்பு வேணுமென்றாலும் தம்பியிடம் சொல்லிக் கேட்கிறாளாம்.

ஒரு குழு. ஒரு மேடை. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. அந்த ஒரு மேடையையாவது ஒழுங்காய்ப் பாடி முடிக்க வேண்டும்.

திங்கள், 17 மே

நோர்வேயின் தேசிய தினம், கொடிநாள். சீலை கட்டிக்கொண்டு ஊர்வலம் போய், ஆளுக்கு மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நிருஜாவின் தொண்டை கட்டிப்போச்சு. அம்மா மிளகு ரசம் வைத்து ஊற்றினா, ஐஸ்கிரீமுக்குத் திட்டும் சேர்த்து.

சனி, 12 ஜூன்

எங்கே தொடங்குகிறது?

உடுப்பு மாற்றுகிற அறை ஒரு சப்பாத்துக் கடையின் பின்பக்கம். பெட்டிகளுக்கு நடுவில் யதுர்ஷா எங்களுக்குப் பின்னல் போட்டாள். பிலேந்திரன் அண்ணை கூப்பிடாமலே கமெராவோடு வந்து நின்றார். "பாவம் செய்தனான் பிள்ளையள், தீர்க்கவேணும்." அம்மா முதல் வரிசையில், மடியில் ஒரு சட்டி ரோல்ஸ். பரமநாதன் மாமா தனக்கு வேலை என்று சொல்லிவிட்டார். நிருஜா, "வராட்டிப் போகட்டும்" என்றாள். ஆனால் மேடையில் ஏறினதும் சனத்துக்குள்ளே வரிசை வரிசையாய்த் தேடினாள். நான் பக்கத்தில் நின்றேன், கண்டேன்.

அவர் இல்லை.

பிறகு பாடினாள். நான் கீழ்ச் சுருதியை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றுவிடுவேனோ என்று பயமாய் இருந்தது, அப்படி ஒரு பாட்டு. இரண்டாம் தரம் 'இறங்கு இறங்கு' என்று வந்தபோது, ஒரு சொல்லும் விளங்காத நோர்வேக்காரச் சின்னனுகளெல்லாம் எங்களோடு சேர்ந்து கத்தினதுகள்.

பட்டன் லேனில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் பெரிய பெரிய மைதானங்களில் பாடினவர்கள். இன்றைக்கு அறுபது பேரும், நகரும் படியில் போகிற சனமும். ஆனாலும் ஒரு சொட்டுக் குறைக்காமல் பாடினார்கள். எனக்கு அவர்கள் மேல் இன்னும் ஆசை கூடிப்போச்சு.

முடிந்த பிறகு கிர்ஸ்டி என்கிற சிவத்தத் தலைமயிர்க்காரி எங்களோடு இருந்து ரோல்ஸ் சாப்பிட்டாள். உறைப்பில் கண் கலங்கிக் கலங்கி நாலு சாப்பிட்டாள். அவளும் கேட்டாள், "ஐந்து எண்டால் மற்ற ரெண்டு பேரும் எங்கே?" நிருஜா போகப்போறதைச் சொன்னோம். அவர்களின் நாலாவது ஆள், லோர்னா, விட்டுப் போய் ஒரு வருசமாம். "கோபத்திலே பிரிஞ்சம். முதல் கிழமையே ஃபோன் எடுத்திருக்க வேணும். பிறகு எடுக்க வெக்கமாய்ப் போச்சு. இப்ப ஏலாது." சொல்லிவிட்டு ஐந்தாவது ரோல்ஸ் எடுத்தாள்.

சனி, 26 ஜூன்

கார்டெர்மூன் விமான நிலையம். மாமா பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நிருஜா நாலடி பின்னால். இன்னும் கதைக்கிறதில்லை.

நான் அழக்கூடாது என்று நினைத்து ஒரு விசர்க்கதை சொல்லிவிட்டேன். "நீ போனால் என்ன, நாங்கள் ரெண்டு பேரும் பாடுவம்."

அவள் முகம் மாறினதைப் பார்த்தேன். அதற்குள் உள்ளே போய்விட்டாள். என்ரை வாயிலை அடிக்கவேணும்.

சனி, 10 ஜூலை

முதல் கிழமை முடிஞ்சு ரெண்டாம் கிழமையும் முடிஞ்சுது. நான் இன்னும் ஃபோன் எடுக்கேல்லை.

ஞாயிறு, 22 ஆகஸ்ட்

யதுர்ஷா எடுத்துக் கதைத்திருக்கிறாள். நிருஜா அங்கே ஒன்றும் பாடுகிறதில்லையாம். அப்பாவோடு இன்னும் கதையில்லையாம். என்னைக் கேட்டவளோ என்றேன். "இல்லை" என்றாள். கிர்ஸ்டி சொன்னது சரிதான். வெக்கம் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி வளருது.

சனி, 18 செப்டெம்பர்

பிலேந்திரன் அண்ணை தானே வீட்டுக்கு வந்து டிவிடியைத் தந்தார். ஸ்ட்ரோம்மன் டிவிடி. மூன்று மாதம்!

"தங்கச்சி, ஒண்டும் போடேல்லை. பாட்டுமில்லை, பூவுமில்லை. என்ன சத்தம் பிடிச்சுதோ அது அப்படியே கிடக்கு" என்றார். அவருக்கே அது அந்தரமாய் இருந்தது, மேல் கழுவாமல் சபைக்கு வந்த மாதிரி.

போட்டேன். உண்மைதான். குழந்தை கத்துது, நகரும் படி கிறீச்சிடுது, அம்மா ஆருக்கோ ரோல்ஸ் நீட்டுகிறா. அதுக்கு நடுவிலை நாங்கள். எங்கடை குரல்.

பாட்டு நடக்கும்போது கமெராவுக்குப் பக்கத்தில் ஒரு நோர்வேக்காரி கேட்கிறா: "விளம்பரத்திலை ஐந்து எண்டு கிடக்கு. மூண்டு பேர்தானே நிக்கினம்?"

ஒரு ஆம்பிளைக் குரல், உடைந்த நொர்ஸ்கில் பதில் சொல்லுது. "இல்லை இல்லை. ஐந்து எண்டது ஆக்களில்லை. லைன். நான் ஓட்டுற லைன். நடுவிலை நிக்கிறது என்ரை மகள். அவள்தான் அந்தப் பேரை வைச்சவள்."

பிலேந்திரன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம், பரமநாதன்தான்" என்றார் பிலேந்திரன் அண்ணை. "எனக்குப் பக்கத்திலை, தூணுக்குப் பின்னாலை நிண்டவர். ரெயின் உடுப்போடை. வேலையை ஆரிட்டையோ மாத்திக் குடுத்திட்டு வந்தவர். பிள்ளையள் கண்டால் பாட்டுக் குழம்பும், சொல்லிப்போடாதை எண்டவர்."

பிறகு 'இறங்கு இறங்கு' வருது. அந்தக் குரலும் சேர்ந்து பாடுது! சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆனால் ஒரு சொல்லும் பிழையில்லை. எப்ப பாடமாக்கினார், மனுசன்?

அம்மா, ஃபோன் பில் வரும்போது ஏசாதேங்கோ. இதை வாசிச்சு முன்னமே தெரிஞ்சுகொள்ளுங்கோ.

லண்டனுக்கு எடுத்தேன். நிருஜாதான் தூக்கினாள். சொல்ல யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோச்சு. "ஃபோனை வையாதை, கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரிசீவரை ரீவிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

பாட்டு முடிந்தது. வைத்துவிட்டாளோ?

"இன்னொருக்காப் போடு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "கொஞ்சம் பொறு, போடாதை."

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம். பிறகு தூரத்தில் அவளின் குரல்.

"அப்பா! இஞ்சை ஒருக்கா வாங்கோ."

நான் முதலிலிருந்து போட்டேன்.