தொள்ளாயிரத்து நாற்பது சாப்பாடு

ரோட்டன்ஹால்
9.10.2006

அன்புள்ள மகள் லாராவுக்கு,

நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதி என்ன பலன்? அம்மா விடிந்தால் ரீவிக்கு முன்னால் இருக்கிறா. மெராவித் தீவைச் சுற்றி இரண்டு வல்லரசுகளும் போர்க்கப்பல் நிறுத்தி இன்றைக்குப் பதினொரு நாள். எங்கள் மன்னார்த் தீவளவுகூட வராத ஒரு நாடு. அதற்காக ஆளை ஆள் அணுகுண்டு காட்டி வெருட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "கர்த்தரே, இஞ்சயும் வந்திட்டுதா?" என்று அம்மா செபமாலையை எடுத்துவிட்டா. நீ மூன்று கிழமையாக வீட்டுப் பக்கம் வரவில்லை என்ற குறையையும் அந்தச் செபத்தோடு சேர்த்தே சொல்கிறா.

இதை ரெலிபோனில் சொல்லமாட்டேன். சிரிக்காதே. ரெலிபோனில் கதைத்ததற்காக ஆட்களைத் தூக்கிய ஊரில் இருந்து வந்தவன் நான்.

நான் வேலை செய்யும் இந்த ஜெர்மன் வானப்படைத் தளத்தில், நிலத்துக்குக் கீழே என்ன வைத்திருக்கிறார்கள் என்று இந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் குசினிக்காரன், எனக்கு அது தேவையுமில்லை. எனக்கு வருவது காலையில் ஒரு சின்னக் கடதாசித் துண்டு. இன்றைக்கு இத்தனை பேருக்குச் சாப்பாடு என்று அதில் இருக்கும். பதினேழு வருசமாக முந்நூற்றுப்பத்து, மிஞ்சிப்போனால் முந்நூற்றிருபது. போன திங்கள் தொடக்கம் தொள்ளாயிரத்து நாற்பது! அதிலும் பெரும்பங்கை மூடி போட்ட பெட்டிகளில் அடைத்து லொறியில் ஏற்றுகிறோம். எங்கே போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மன்னாரில் நான் பேக்கரியில் நின்றது உனக்குத் தெரியும். ஆமிக் காம்பில் இருந்து பின்னேரம் இரண்டு மடங்கு பாணுக்கு ஓடர் வந்தால், விடிய ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஒருநாளும் பிழைத்ததில்லை. உன் டக்ளஸ் சித்தப்பா இன்றைக்குக் கனடாவில் உயிரோடு இருக்கிறான் என்றால் அந்தப் பாண் கணக்கால்தான்.

அதனால் சொல்வதைக் கேள், பிள்ளை. படிப்புக் கிடக்கட்டும். ஆஹெனை விட்டு வெளிக்கிடு. சூரிச்சில் வெரோனிக்கா மாமி வீட்டுக்குப் போ. நாங்களும் பயணப் பத்திரங்கள், உன் ஞானஸ்நானப் படம் எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலில் வைத்திருக்கிறோம். ஆனால் நவம்பர் 24 வரை எனக்கு அசைய ஏலாது. அன்றைக்குத்தான் ஜெர்மன் பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் தருகிற ரெர்மின், கந்தோர் குறித்துத் தந்த நாள்.

வாசித்தவுடன் இதை எரித்துவிடு.

உன் அப்பா,
ஸ்ரனிஸ்லாஸ்

—

ஆஹென்
12.10.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் பயந்தேன். இரண்டாம் தரம் அழுதேன். மூன்றாம் தரம் கோபம் வந்தது. என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் எனக்கு ஜெர்மன்தான் முதலில் வரும்.

நான் சூரிச்சுக்குப் போகவில்லை. இங்கே நாங்கள் முப்பது மாணவர்கள் சேர்ந்து அணுகுண்டுக்கு எதிராகத் தெருவில் நிற்கிறோம். நீங்கள் கேட்டால் ஏசுவீர்கள் என்றுதான் மூன்று கிழமையாக வீட்டுக்கு வரவில்லை. போதுமா? அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

அப்பா, ஒரு கேள்வி. அந்தப் பாண் கணக்கை அன்றைக்குச் சித்தப்பாவைத் தவிர வேறு யாருக்குச் சொன்னீர்கள்?

இதையும் சொல்லிவிடுகிறேன். தொள்ளாயிரத்து நாற்பது என்ற கணக்கை எங்கள் குழுவுக்குச் சொன்னேன். துண்டுப்பிரசுரம் அடித்தாயிற்று. 310, பக்கத்தில் 940, கீழே "எதற்குத் தயாராகிறார்கள்?" என்ற கேள்வி. சனிக்கிழமை உங்கள் ஊரிலும் கொடுப்போம். உங்கள் பெயரோ வேலையோ எங்கேயும் இல்லை, கவனமாகப் பார்த்தேன்.

மெராவியில் இருக்கிறவர்களுக்குச் சூரிச்சில் மாமி இல்லை, அப்பா. அதனால்தான் செய்தேன்.

அன்பு மகள்,
லாரா

—

ரோட்டன்ஹால்
21.10.2006

லாராவுக்கு,

உனக்கு மூளை இருக்கென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்கள் பிரசுரத்தைச் சுப்பர்மார்க்கெற்றில் நின்ற ஒவ்வொரு காரிலும் செருகிவிட்டுப் போனீர்கள். திங்கட்கிழமை அரிசியும் மாவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. எதிர்வீட்டுக் கிழவன் நிலவறைக்குள் தண்ணீர்ப் போத்தல்களோடு போய் இருந்து, ஏறி வரும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான்.

இப்போது கேள். செவ்வாய்க்கிழமை சமையல் பெரியவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்து மலையில் இருக்கும் பயிற்சி முகாமின் குசினியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம். திருத்தி முடியும் வரை அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் சமைக்கிறோம். அவ்வளவுதான்! அறுநூற்று முப்பது பேருக்குச் சாப்பாடு போனது, போர் போகவில்லை. மன்னாரில் ஒருநாளும் பிழைக்காத கணக்கு இங்கே பிழைத்துப் போயிற்று. ஊரை விட்டு வந்து இருபது வருசம், என் தலை இன்னும் அந்தப் பேக்கரிக்குள்ளேதான் நிற்கிறது.

அது போகட்டும். கணக்கு யாரால் வெளியே போனது என்று பாதுகாப்பு அலுவலர்கள் வந்து எல்லாருடைய பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். கோப்பை கழுவுகிற சுந்தரேஸ்வரியின் பைக்குள் அந்தச் சாப்பாட்டுக் கணக்குத் துண்டுகள் ஒரு கட்டு! பாவி, குப்பையில் போட வேண்டியதை எடுத்துப் பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதுகிறவள். வெங்காயம், பருப்பு, பஸ் ரிக்கெற் என்று எழுதியிருக்கிறாள். "ஸ்ரனிஸ் அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ, நான் அப்பிடிப்பட்ட ஆளே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் உருளைக்கிழங்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தள வாசலில் வைத்து அவளுடைய வேலைப் பாஸை வாங்கிவிட்டார்கள். குசினிச் சப்பாத்தோடேயே பஸ்ஸுக்கு நின்றாள்.

நீ இனி வாய் திறக்கக் கூடாது. உன் குழுவுக்கும் ஒன்றும் சொல்லாதே. 24ஆம் திகதி முடியட்டும், பிறகு பார்ப்போம். அம்மா என்னோடு கதைப்பதில்லை.

அப்பா

—

ஆஹென்
26.10.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் ஏசியது எல்லாம் எனக்கு வேண்டியதுதான். கணக்குப் பிழை என்று குழுவுக்குச் சொன்னேன். "பரவாயில்லை, ஆட்கள் விழித்துவிட்டார்கள்" என்கிறார்கள். அந்தக் கிழவருடைய இடுப்பைப் பற்றிச் சொன்னேன். ஒருவன் தோளைக் குலுக்கினான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சுந்தரேஸ்வரி அக்காவை எனக்குத் தெரியும். என் முதல் நன்மைப் பூசைக்கு லட்டுப் பிடித்துக்கொண்டு வந்தவ. அம்மாவுக்கு நேற்று ரெலிபோன் எடுத்தேன். அக்காவின் விசா நீடிக்கிற ரெர்மின் நவம்பர் 8 என்றும், வேலைக் கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள் என்றும் அம்மா சொன்னா. உங்களுக்கும் இது தெரியும். எனக்கு எழுதவில்லை.

மெராவியில் நேற்று ஒரு மீன்பிடி வள்ளத்தைப் போர்க்கப்பல் இடித்து ஆறு பேர் செத்துப்போனார்கள். மற்றப் பக்கம் எழுபத்திரண்டு மணித்தியாலக் கெடு வைத்திருக்கிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் ஒருவரும் உரத்துக் கதைப்பதில்லை. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது, அப்பா. ஆனால் இதை முடிக்காமல் எப்படி உங்கள் முகத்தைப் பார்ப்பேன்?

நீங்கள் போய்ச் சொல்லுங்கள். நவம்பர் 5 வரை பார்ப்பேன். இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன். உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை. என்னிடம் இருக்கிறது.

லாரா

—

ரோட்டன்ஹால்
30.10.2006

லாராவுக்கு,

அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு.

பெற்ற தகப்பனுக்கே கெடு வைக்கிறாய். வை. நான் எத்தனை கெடு பார்த்தவன். அகதி முகாமில் மூன்று மாதம், மூன்று மாதமாகத் தந்த விசாவில் பன்னிரண்டு வருசம் இருந்தவன். அந்தக் கடதாசியோடு பறக்க ஏலாமல் என் ஆச்சியின் செத்தவீட்டுக்குப் போகாமல் இருந்தவன். ஒரே ஒரு பாஸ்போட் கேட்கிறேன். அதுவும் நீ பிறந்த நாட்டின் பாஸ்போட்.

பாண் கணக்கை வேறு யாருக்குச் சொன்னேன் என்று நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். இப்போது எழுதுகிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஓடர் வந்தது பின்னேரம் நாலு மணிக்கு. டக்ளஸை ஆறு மணிக்குத் தோணியில் ஏற்றினேன். திரும்பி வரும்போது அடுத்த வளவு யாகோப்பு அண்ணை வேலியடியில் நின்று, "என்ன தம்பி, வேளைக்கே வாறாய்?" என்று கேட்டார். "சும்மா அண்ணை" என்றேன். சொன்னால் ஊர் முழுக்க ஓடும், யார் சொன்னது என்று காம்பில் தேடுவார்கள், பேக்கரிக்காரன்தான் என்று பிடிபடும். அந்தப் பயம். விடிய ஆமிக்காரர் அவருடைய மகன் அன்ரனை ஏற்றிக்கொண்டு போனார்கள். இருபது வயது. திரும்பி வரவில்லை.

நேரம் இருந்தது, லாரா. விடியும் வரை நேரம் இருந்தது.

இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. கடிதத்தை அனுப்பு.

அப்பா

—

ஆஹென்
2.11.2006

அன்புள்ள அப்பா,

இத்துடன் உங்கள் கடிதம் இருக்கிறது. படப்பிரதி எடுக்கவில்லை. நான் போய்ச் சொல்லவும் மாட்டேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. வெருட்டினால் நானும் அந்தக் கப்பல்காரர் மாதிரித்தானே.

இனி உங்கள் பாடு.

லாரா

—

ரோட்டன்ஹால்
8.11.2006

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உள்ளே இருந்த என் கடிதத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, தீப்பெட்டியையும் எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் இருந்தேன். நீ அனுப்பாமல் வைத்திருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

அம்மா வந்து பார்த்தா. யாகோப்பு அண்ணையின் கதையை அவவுக்கு அப்போதுதான் சொன்னேன்.  அவ தீப்பெட்டியை எடுத்துத் திரும்பவும் மேல் தட்டில் வைத்தா. ஞாயிறு பூசைக்குப் போகும்போது என் பக்கத்தில் நடந்தா.

திங்கட்கிழமை கடிதத்தைச் சமையல் பெரியவரிடம் கொண்டுபோனேன். பாதுகாப்பு அலுவலர் இரண்டு பேர் வந்தார்கள். தமிழ் யாருக்குத் தெரியும்? என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வரிவரியாக ஜெர்மனில் சொன்னேன். பாண் கணக்கு வந்த இடத்தில் ஒருவன் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "வாசித்தவுடன் எரித்துவிடு" என்பதையும் விடாமல் சொன்னேன். அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது, பிள்ளை. "இவ்வளவும் எதுக்கு எழுதினாய்?" என்று கேட்டார்கள். "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கவேணும் எண்டு" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஜெர்மனிலும் சொன்னேன்.

வாசலில் என் பாஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். 24ஆம் திகதி ரெர்மின் இல்லை, பிறகு அறிவிப்பார்களாம். அறிவிக்காமலும் விடுவார்கள். நேற்றுச் சுந்தரேஸ்வரிக்கு வேலைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு விசாவும் நீடித்தாயிற்று. நேரே இங்கேதான் வந்தாள். "அண்ணை, அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். இருந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. அவளில் பிழையில்லை.

அந்தக் கெடுவை நீட்டி நீட்டி, கடைசியில் இரண்டு வல்லரசுகளும் மெராவியில் இருந்து கப்பல்களைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கிவிட்டன என்று ரீவியில் சொல்கிறார்கள். யார் முதல் எடுத்தது என்று இன்னும் இழுபறி. எங்கள் வீட்டில் யார் முதல் எடுத்தது என்று எனக்குத் தெரியும். வாசலில் கட்டி வைத்த பையை அம்மா அவிழ்த்துவிட்டா. உன் ஞானஸ்நானப் படம் திரும்பவும் ரீவிக்கு மேலே இருக்கிறது.

இனி எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. கதைக்க வேண்டுமென்றால் ரெலிபோன் எடு, நானே எடுப்பேன். வருவதென்றால் அதைவிட நல்லது. வேலையில்லாத மனிசன், பாண் சுட்டு வைக்கிறேன்.

இன்றைக்கு இரண்டு கடிதம் எழுதுகிறேன். மற்றது யாகோப்பு அண்ணைக்கு. ஆள் இருக்கிறாரோ தெரியாது, விலாசமும் பழையது. பின்னேரம் நாலு மணிக்கே எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை. இரண்டையும் இப்போதே தபால்பெட்டியில் போடப் போகிறேன்.

உன் அப்பா,
ஸ்ரனிஸ்லாஸ்