நடுவில் வெட்டிய முகங்கள்

இன்று காலை தாராவி லேபர் கேம்ப் முனையிலுள்ள ஜெராக்ஸ் கடையில் சூடான மைப்பொடியின் வாசனை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் குடியிருப்பு அட்டையை நகலெடுக்கக் கொடுத்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிய திட்டு. கண்ணில்லை, மூக்கில்லை.

"இது யாரு மௌசி?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"நாந்தாம்யா. கணக்கெடுப்பு ஆபீஸ்ல இது நீ இல்லேன்னு வெரட்டிட்டானுவ."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது நீயும் நானும் சேர்ந்து வேலை பார்த்த செம்பூர் அலுவலகத்தின் கணினி நிரல் செய்த வேலை.

குடிசைக் கணக்கெடுப்பில் எடுத்த வண்ணப் படங்களை அட்டையில் அச்சிடக் கறுப்பு வெள்ளையாக்கும் பொறுப்பு நம் இருவரிடமும் வந்தது. மேனேஜர் சொன்ன வழி சுலபமானது. வெளிச்சத்தின் அளவில் சரிபாதியில் ஒரு கோடு. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு, மேலே எல்லாம் வெள்ளை. நீதான் ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராம் போட்டுப் பார்த்தாய். எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் அந்த வரைபடத்தில், ஜன்னலில்லாத அறைகளில் எடுத்த தாராவி முகங்களெல்லாம் இடது ஓரத்தில் குவிந்து கிடந்தன.

"ஏட்டி, குவியல் எங்க கெடக்குன்னு பாத்துட்டுல்லா வெட்டணும். கண்ண மூடிட்டு நடுவுல வெட்டுனா ஆளே காணாமப் போயிருவாவ," என்றாய். ஒவ்வொரு படமும் தனக்கான கோட்டைத் தானே கண்டுபிடிக்கும்படி இரண்டே நாளில் எழுதியும் விட்டாய்.

மீட்டிங்கில் அதைக் காட்டியபோது, ஆளே கறுப்பாக இருந்தால் படம் வேறு எப்படி வரும் என்று மேனேஜர் இந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாராவியில் பிறந்த நீ வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாய்.

மறுநாள் உன் நிரலை எடுத்துவிட்டுப் பழையதைப் போடச் சொன்னார். வேகம் குறைகிறதாம். போட்டேன்.

"நீயாட்டி மாத்துன?"

"மேலேர்ந்து சொன்னா. நான் என்னடி பண்ண முடியும்?"

அந்த வாரமே வேலையை விட்டாய். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் முகத்தில் விழிக்கக் கூசி, ஆஸ்பத்திரிக்குக்கூட நான் வரவில்லை.

இன்று மேனேஜரிடம் அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னேன். டீயை உறிஞ்சியபடியே, "முடிஞ்சுபோன ப்ராஜெக்ட், விடு," என்றார். அந்த உறிஞ்சல் சத்தமே அருவருப்பாக இருந்தது. அசல் படங்களைக் கேட்டேன். இடத்தை அடைக்கிறதென்று அழித்துவிட்டார்களாம். ஒருமுறை கறுப்பாகிப்போன படத்திலிருந்து முகத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது உனக்குத்தான் முதலில் தெரியும்.

அதே நிரல்தான் இப்போது மான்குர்த் குடிசைவாசிகளின் படங்களுக்கும் ஓடுகிறது. யாரையும் கேட்காமல் உன் வரிகளை மறுபடி போட்டேன். நாளை அந்த அம்மாளோடு அவரை விரட்டிய ஆபீஸுக்குப் போய், தப்பு எங்களுடையது என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன்.

அந்த வரிகளைப் போடுவதற்கு முன் பழைய மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். உன் வரிகளை நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். அன்று அதை நான் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

வேகமும் இல்லை, மேலிடமும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான்.