துவைத்துக் காயப்போட்ட பேப்பர்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும், எனக்கு எப்போதும் அதுதான் முதல் கவலை. எங்கள் நலத்தை ஒரு வரியில் எழுத முடியாது, அதனால் கடைசி வரை படி, நடுவில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எங்களுக்கு இருப்பது ஒரே போன், அது அப்பாவின் கையில் இருக்கிறது, அவர் காதில் விழாமல் நான் எதையும் பேச முடியாது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் வீட்டுத் தையல்காரி சாயங்காலம் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வெளியில் எங்கும் சாப்பிடவில்லை. பழைய ஒர்க்‌ஷாப் ஆட்களைப் பார்க்கப் போனேன் என்று அவர் சொன்னது பொய், ரோட்டுக் கடையில் வாங்கித் தின்றேன் என்றதும் பொய். நீ கொடுத்த கிட்னி கெட்டது என் அடுப்படியில், என் கையால். பத்து நாளைக்கு முன்னால் நீ போனில் கத்தினாயே, ரோட்டுக் கடையில திங்கிறதுக்கா என் வயித்த அறுத்துக் குடுத்தேன், இனிமே என்கூடப் பேசாதீங்க என்று, அப்போது நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சரிப்பா, தப்புதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பும் முன் அப்பாவுக்குக் கிருமி ஒட்டக் கூடாது என்று அடுப்படியில் இருந்த துடைக்கிற துணிகளை எல்லாம் அள்ளிப் பையில் போட்டுக் குப்பையில் எறிந்தாய், பேப்பர் டவல் சுருள் ஒரு பெட்டி நிறைய வாங்கி அடுக்கினாய். ஒரு தடவ தொடச்சா தூக்கிப் போட்றணும்மா, யோசிக்கவே கூடாது என்றாய். நானும் தலையாட்டினேன். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான் என்பது உனக்குத் தெரியும். ரத்தமும் சீழுமாக வரும் விரிப்பைக் கொதிக்கும் நீரில் போட்டு, உதறி, மடித்து, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கே அனுப்பியிருக்கிறோம். கிழிந்து போனால்கூட மேஸ்திரி முத்திரை குத்தாமல் ஒன்றை எறிய எங்களுக்கு அதிகாரம் இல்லை. நீ போன மறுநாள் ஒரு டம்ளரைத் துடைத்தேன், பேப்பரைக் குப்பைக்கூடை வரை கொண்டு போனேன். வெறும் தண்ணீர் பட்ட பேப்பர், கெட்டியாக, துணி மாதிரியே இருந்தது. கை எறியவில்லை. குழாய் மேல் விரித்துவிட்டேன், அரை மணியில் காய்ந்துவிட்டது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. முதலில் தண்ணீர் துடைத்ததை மட்டும், பிறகு எண்ணெய் பட்டதை, பிறகு எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டேன். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி க்ளிப் மாட்டினேன். அப்பா ஒருநாள் பார்த்துவிட்டு, பேப்பரக்கூட விட்டு வைக்க மாட்டியா, நாளைக்கு நியூஸ்பேப்பரையும் துவைச்சுப் போடு, நான் புதுசா படிக்கிறேன் என்று சிரித்தார். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் கயிற்றைக் கழற்றி வைத்துவிடுவேன். தப்பு என்று தெரிந்துதான் மறைத்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு வாரம் வெயிலே இல்லை. புதன்கிழமை கோழி வாங்கி அரிந்தேன், அரிந்த பலகையைத் துடைத்த பேப்பரைக் குழாயில் அலசிப் பிழிந்து மாட்டினேன். வியாழன் காலை அது ஈரமாகத்தான் இருந்தது. அதே ஈரத்தோடு அப்பா தட்டையும் ஸ்பூனையும் துடைத்து வைத்தேன். அன்றைக்குத்தான் தொற்றியதா, அதற்கு முன்னாலேயா என்பது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. உன் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரை ஞாயிறு முழுவதும் உள்ளே தங்கவில்லை, போட்ட கால் மணியில் வாந்தி. மாத்திரை தங்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், நான் திங்கள் காலை வரை பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். திங்கள் வந்தபோது ரத்தத்தில் கிட்னி வடிகட்டாமல் விட்ட கிரியாட்டினின் ஐந்தரை. அதற்கு முந்தைய மாதம் ஒன்று புள்ளி மூன்று.

சின்ன டாக்டர் வந்து, பச்சைக் கறியில் இருக்கும் கிருமி இது, எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு அப்போதே அந்தப் பேப்பர் கண்ணுக்குள் வந்துவிட்டது. நான் பேசுவதற்குள் அப்பா முந்திக்கொண்டு ரோட்டுக் கடைக் கதையைச் சொல்லிவிட்டார், டாக்டரும் சீட்டில் எழுதிக்கொண்டார். டாக்டர் போன பிறகு ஏங்க இப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். என்னத் திட்டுவான், நாலு நாள்ல மறந்துடுவான். உன்னத் திட்ட மாட்டான், ஆனா மறக்க மாட்டான், பேசாம இரு என்றார். நானும் பேசாமல் இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் கோழையாக இருந்தேன் என்று வைத்துக்கொள்.

நான்கு நாளைக்கு முன்னால் மூத்த நர்ஸிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, துணியா இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க என்று கேட்டாள். கொதிக்க வெச்சிருப்பேன், தினமும் வெப்பேன் என்றேன். இத ஏன் வெக்கல என்றாள். வெந்நீர்ல போட்டா கரைஞ்சிடுமே என்றேன். பலகையிலிருந்தும் வந்திருக்கலாம், கையிலிருந்தும் வந்திருக்கலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதும்மா என்றாள், அது அவளுடைய நல்ல மனது. சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நீ துணியை எறிந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காதே. ஒரு தடவை துடைத்து எறி என்றாய், எறிந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நேற்றுப் பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பேசினார். கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிட்டார்களாம், இனி அது வேலை செய்யும் என்று காத்திருக்க வேண்டாம் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் பழையபடி டயாலிசிஸ், சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டது. கிட்னியை இப்போதைக்கு வெளியே எடுக்க மாட்டார்களாம், அது பாட்டுக்கு உள்ளே இருக்கும் என்றார். அப்பா சட்டையைத் தூக்கி அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, சின்ன முதலாளி வேலைய விட்டுட்டாரு, வீட்டக் காலி பண்ணல என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. உன் கிட்னி நல்லா இருந்தபோது ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் சின்ன முதலாளி கேக்கறாரு என்று சொல்லித்தான் குடிப்பார், உனக்கும் அது தெரியும். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். ஆபரேஷன் அன்றைக்கு உன் ஃபாரத்திலும் அவர் ஃபாரத்திலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன், இரண்டு தியேட்டர் கதவுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் நின்றேன். அதை இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை, வந்தாலும் அது எதற்கு உதவும்.

உனக்கு இருப்பது ஒன்றுதான். கனமானதைத் தூக்காதே, தலைவலி என்று கண்ட மாத்திரையைப் போடாதே, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தமும் பிரஷரும் பார்க்கச் சொன்னார்களே, போன தடவை பார்த்தாயா என்று மருமகளிடம் கேட்டு எழுதச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், எந்த வாயால் வாழ்த்துவது என்று கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வாழ்த்துகிறேன்.

நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும். என்னோடு பேசுவதா வேண்டாமா என்று நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசி. அவரோடு பேச யோசிக்காதே. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை மெஷினில் படுத்திருப்பார். ஊசி இடது கையில்தான். வலது கை சும்மா இருக்கும், உன் போன் வந்தால் எடுப்பார்.

இப்படிக்கு,
அம்மா