ஓதினால் உண்பதில்லை

அன்பு மகன் இஸாவுக்கு,

இறைவனின் சாந்தி உன்மேலும் மருமகள்மேலும் இருக்கட்டும். இங்கே நான் நலம், முழங்கால்களைத் தவிர. அங்கே தெற்கே குவாங்சோ ஈரத்தில் உங்களுக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

லிஃப்ட் உள்ள வீடுதான் வேண்டும் என்று என்னை ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தாய். நல்ல வீடு. நம் பள்ளிவாசல் மட்டும் இரண்டு பஸ் தூரம் போய்விட்டது. பக்கத்தில் இருப்பது புதிய வழிக்காரர்களின் பள்ளி. உன் அம்மா அதன் நிழலில்கூட நின்றதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் போகையில் உறைபனியில் வழுக்கி விழப் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நிழலைத் தாண்டி உள்ளேயே போய்விட்டேன். நம் பள்ளியில் தொழுகை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஓதுவோம் அல்லவா. அறுபது வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. முழுக் குரல். ஒருவரும் சேரவில்லை. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ஹா ஜிங்லோங், நம் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்ப்பவன், குனிந்து, "இங்க ஒருத்தர் ஓதினா மத்தவங்க கேப்போம், பெரியவரே. ஆரம்பிச்சுட்டீங்க, முடிச்சிருங்க" என்றான். முந்நூறு பேர் கேட்க முடித்தேன். இரண்டு இடத்தில் ராகம் வழுக்கியது. நான் வீடு சேர்வதற்குள் பழைய தெரு மூ மாமாவுக்குச் செய்தி போய்விட்டது. போனில், "கட்சி மாறிட்டியாமே. அங்க செத்தவங்க பேர்ல ஒரு வாய் ரொட்டி கூடக் கிடையாதாம், யோசிச்சுக்க" என்றான்.

யோசித்தேன். அம்மா இறந்த மூன்றாம் ஆண்டு நாள் வந்துகொண்டிருந்தது. ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள், ஒரு வருடம் எல்லாம் செய்தாயிற்று. இதுதான் கடைசிப் பெரிய நாள். நம் பள்ளியில் ஓதிவிட்டு அங்கேயே அவள் பேரில் எண்ணெய் ரொட்டி சாப்பிடுவார்கள். இவர்கள் ஓதினால் சாப்பிடமாட்டார்கள், சாப்பிட்டால் ஓதமாட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் ஓதியதற்குக் கூலி வாங்கியது போல ஆகிவிடுமாம். நான் நம் பள்ளிக்கே போவது என்று முடிவு செய்தேன். அவள் சட்டப்படி குளித்துவிட்டுத்தான் அடுப்பில் எண்ணெய் வைத்தேன். முதல் ஈடு செருப்பு மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. நாற்பது ரொட்டி, ஒரு கூடை. பஸ்ஸின் படி உயரம். ஒரு கையில் கூடை, ஒரு கையில் முழங்கால். டிரைவர், "ஏறுறீங்களா தாத்தா, யோசிக்கிறீங்களா" என்றார். யோசிக்கிறேன் என்றேன். பஸ் போய்விட்டது.

கூடையோடு பக்கத்துப் பள்ளிக்கு நடந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து இமாம் வாசலில் நின்றிருந்தார், உன் வயதுதான் இருக்கும். என்ன விஷயம் என்றார். மனைவிக்கு மூன்று வருடம் என்றேன். "ஓதணுமா?" ஆமாம் என்றேன். "ரொட்டி இருக்கே." இருக்கிறது என்றேன். இருவரும் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆவி வந்துகொண்டிருந்தது. ஹா ஜிங்லோங் நடுவில் கையை விட்டு ஒன்றை எடுத்து, "ஆறிடும்ல" என்று கடித்துவிட்டான். அவ்வளவுதான், நாற்பதும் போயிற்று. முதல் ஈட்டைக்கூட விடவில்லை. எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். யாரும் ஓதவில்லை. வெறும் கூடை. வீட்டுக்கு வந்து அம்மாவின் படுக்கையில் உட்கார்ந்தேன். நானே ஓதினேன். ஒரு குரல் எப்படிப் போதும்.

செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்தது. ஹா. லிஃப்டைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஷூவைக் கழற்றினான். கையில் கருவிப் பை இல்லை. "அம்மா பேரு என்ன" என்றான். ஸய்னபு என்றேன். தரையில் உட்கார்ந்து யாசீன் அத்தியாயம் முழுவதையும் ஓதினான். நான் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டேன், அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு வேண்டிய குரல்தான், ராகம் மட்டும் இல்லை. முடிந்ததும் மூடி போட்ட இரண்டு கிண்ணத்தில் டீ கொண்டுவந்தேன். அவன் பின்னால் நகர்ந்தான். "வேணாம் பெரியவரே. அன்னைக்குச் சாப்பிட்டேன், ஓதல. இன்னைக்கு ஓதிட்டேன்." டீ ஒரு சாப்பாடா என்றேன். மூடியைத் தூக்கிப் பார்த்தான். "இலந்தைப்பழம் போட்டிருக்கீங்களே" என்றான். போகும்போது, இமாம் நாளை வருவார், ரொட்டி சாப்பிட்ட மற்றவர்கள் நாளுக்கு ஒருவராக வருவார்கள், அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு கிண்ணத்தையும் நானே குடித்தேன். இதுவரை பதினொரு பேர் வந்துவிட்டார்கள். தினமும் இரண்டு கிண்ணம். தூக்கம்தான் கெடுகிறது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் ஈமானோடும் இருக்க வேண்டும். ரமலானுக்கு வரும்போது மருமகளுக்குக் கனமான கோட்டு எடுத்து வா. மூ மாமா போன் செய்தால் இந்தப் பதினொரு பேரைப் பற்றி மூச்சு விடாதே. ரொட்டி காலியாகிவிட்டது என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
துவோ தெமிங்