மதினி பிரிக்காத பாதிப் புத்தகம்

என் ஈஸ்வரி மதினிக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் அழுகையும் கண்ணீருமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உன் மேல் எனக்கு அம்புட்டுக் கோபம். நேரில் இருந்தால் சடையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

இங்கே உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள், தெரியுமா? கல்யாணமாகாமல் போன பிள்ளை என்பதால் நீ இப்போது வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டு உள்ளறையில் புதுப் பாவாடை, தாவணி, வளையல், சீப்பு எல்லாம் போட்டு உனக்கென்று ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை தோறும் உன் அம்மா, என் அத்தை, அதற்குச் சாம்பிராணி போடுகிறாள். உன்னைப் பற்றி வாய் தவறி ஏதாவது சொன்னால், "ஏட்டி, வாயக் கழுவு. சாமி குத்தம் ஆயிரும்" என்கிறாள். சாமியோடு யாராவது சண்டை போட முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஏ.பி. உலக வரலாறு என்று ஒரு பரீட்சை. அமெரிக்காவில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது. இராஜபாளையத்தில் என் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தர ஆள் கிடையாது. நாமாகவே படித்து, பெயரைப் பதிந்து, சென்னையில் போய் எழுத வேண்டும். நன்றாக எழுதினால் வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும்போது உதவும் என்று சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அப்பாவோ, "தனியா அனுப்ப மாட்டேன். ஈஸ்வரியும் எழுதுனா போ" என்று சொல்லிவிட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நானும் எழுதுதேன் மாமா" என்றாய். அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியது நினைவிருக்கிறதா?

அண்ணன் அனுப்பியது ஒரே ஒரு பழைய புத்தகம். செங்கல் கனம். அப்பா வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்கு எடுத்துப் போய், துணி வெட்டும் மிஷினில் அதை இரண்டாக வெட்டி வாங்கினேன். "ராசா ராணி கதையெல்லாம் எனக்கு. யுத்தம் கித்தம் நீ வச்சுக்கோ" என்று முதல் பாதியைக் கேட்டது நீதான். தாள் உதிர்ந்துவிடக் கூடாதே என்று பேண்டேஜ் துணியால் நாலு பக்கமும் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவரவர் பாதியைப் படித்து மற்றவளுக்கு நோட்டு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் டவுன் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்து நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் நம் ஏற்பாடு.

உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைப்புக்குச் சிவப்பு மை, ஓரத்தில் பூக்கொடி வேறு. நான் கிறுக்கிக் கொண்டு வருவதைப் பார்த்து, "கோழி கிண்டுன மாதிரி இருக்கு, இத நான் எப்படிட்டி படிக்க?" என்று சிரிப்பாய்.

தை மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு உன் நோட்டுதான் எனக்கு நீ. காலையில் எழுந்ததும் அதைத்தான் எடுப்பேன். வரி வரியாக மனப்பாடம் செய்தேன். உன் எழுத்தில் ஒரு சொல்லைக்கூடச் சரிபார்க்கத் தோன்றவில்லை. என் பாதியைவிட உன் பாதிதான் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

பங்குனியில் ஃபோனில் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். என் பாதியில் கேட்டதற்கு ஏதோ தேறினேன். உன் பாதியில் அநேகமாக எல்லாமே தப்பு. ஃபோன்தான் தப்பு என்று நினைத்து அதைத் திட்டினேன், மதினி. எப்பேர்ப்பட்ட கிறுக்கி நான்! பிறகுதான் அது காட்டிய விடைகளை உன் நோட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தென் அமெரிக்க மலைநாட்டு இன்கா ராஜ்யத்தில் 'மீட்டா' என்றால் நெசவாளிகளுக்குச் சனிக்கிழமை தோறும் கொடுத்த சம்பளம், பண்டிகைக்கு போனஸ் தனி என்று எழுதியிருந்தாய். நம் ஊர் மில்லையா தூக்கிப் போய் மலை மேல் வைத்தாய்? அது சம்பளமே இல்லை. ஜனங்கள் முறை வைத்து அரசுக்குச் செய்தே ஆக வேண்டிய வேலை. உஸ்மானியப் பேரரசின் ஜானிசரிப் படை, சுல்தானுடைய சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளாம். இல்லவே இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பிடித்து வந்து வளர்த்த பிள்ளைகள் அவர்கள். சொந்தபந்தத்தை நம்பி நாற்காலியை விடக் கூடாது என்று சுல்தானுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

முதல் பாதியைக் கேட்டு வாங்க அத்தையிடம் ஓடினேன். அதையும் உன் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம். "பிள்ளைக்கு உசுரான புஸ்தகம்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திறந்து காட்டினாள். பாவாடைக்கு அடியில் இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, மதினி. நீ அவிழ்க்கவே இல்லை.

"இத அவ படிக்கவே இல்லையா அத்தை?"

"என்னத்தப் படிச்சா? நீ வார அன்னைக்குக் காலைல உக்காந்து விறுவிறுன்னு எழுதுவா. கேட்டா, 'கோமு வெறுங்கையோட போவக் கூடாதும்மா'ம்பா. அவளுக்கு நர்ஸிங் படிக்கணும்னுதான் ஆசை. ஒங்கிட்டச் சொல்லலையா?"

சொன்னாய். ஒரு தடவை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது சொன்னாய். நான் என்ன பதில் சொன்னேன்? "அதையும் படி, இதையும் படி. படிச்சா செத்தா போயிருவ?" என்றேன். என் வாயில் புற்று வைக்க. நீ சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாய்.

இருந்தாலும் நீ செய்தது துரோகம்தான். "எனக்கு இது வேண்டாம்" என்று என் முகத்துக்கு நேரே கத்தியிருக்கலாமே? நானும் கத்தியிருப்பேன். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம். அதற்காகவா வாரா வாரம் பூக்கொடி போட்டுப் பொய் எழுதித் தந்தாய்? நான் அதைப் படித்துவிட்டு உன்னைப் புகழும்போது உனக்கு எப்படி இருந்தது?

புத்தகத்தைக் கேட்டேன். சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது என்றாள் அத்தை. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான், வேறு புத்தகம் வாங்க வழியில்லை என்று கெஞ்சினேன். "பூக்கட்டிக் கேப்போம். வெள்ளை வந்தா எடுத்துக்கோ. செவப்பு வந்தா மூச்சுக் காட்டக் கூடாது" என்றாள். இரண்டு தாள் துண்டுகளில் பூவை மடித்து உன் பெட்டி முன்னால் போட்டாள். நான் குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

செவ்வரளி.

செத்த பிறகும் எனக்கு இல்லை என்கிறாயே, நீ நல்லா இருப்பியா?

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பெட்டிக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

"ஏட்டி! சாமி வேண்டாங்குது, காதுல விழலையா?"

"அவ சாமியா இருந்தா கேட்டிருப்பேன் அத்தை. எனக்கு அவ மதினி. மதினி சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை என் தோளில் விழுந்தது. இத்தனை நாளும் சாமி, சாமி என்று சொன்னவள், "பொய்க்காரி, எம்புள்ள பொய்க்காரி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இப்போது உன் பாதியில் பாதி முடித்துவிட்டேன். சென்னைக்குத் துணையாகத் தானே வருவதாக அப்பா சொல்லிவிட்டார். போய் எழுதத்தான் போகிறேன். தேறுவேனா என்று தெரியாது. உனக்கு ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன், மதினி. அத்தை எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் பெட்டி முன்னால் நின்று உன்னைக் கும்பிட மாட்டேன். கன்னித் தெய்வம் கேட்டதெல்லாம் கொடுக்குமாம். எனக்கு அது வேண்டாம். என்னிடம் பொய் சொன்னவள்தான் வேண்டும். அவளோடு நான் சாகும்வரை சண்டை போடுவேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் மாமா மகள்
கோமதி