கிழக்குச் சரிவுக்கு ஒரு கையெழுத்து

அன்பு மகள் பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்காலையும் அவள் கோபத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. குழந்தைக்குச் சளி என்றாயே, விட்டதா, காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து வேண்டும். போனில் எனக்கு வாயும் வராது.

சுரங்கம் மூடி ஆறு வருஷம் ஆகிறது, இப்போது புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது, சுரங்கத்துக்கு இல்லை, கழிவு மேட்டுக்கு. வேண்டாம் என்று நாங்கள் லாரி லாரியாகக் கொட்டிய மண்ணில், போனுக்கும் பேட்டரிக்கும் வேண்டிய ஏதோ அரிய உலோகம் இருக்கிறதாம். குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகுமா என்று பக்கத்து வீட்டு வெல்டர் சிரிக்கிறான். எந்த வருஷத்து மண் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதற்கு வரைபடம் எதுவும் இல்லை, அதனால் பழைய லாரி டிரைவர்களைத் தேடினார்கள், ஏறி நடக்க முடிந்தவன் நான் ஒருவன்தான். நாலு நாள் அந்த இன்ஜினீயர் பெண்ணோடு மேட்டைச் சுற்றினேன், மரியாதை தெரிந்த பெண், வெயில் ஏறினால் தன் குடையை என் பக்கம் சாய்த்துவிடுவாள். நீ பிறந்த வருஷத்து மண் வடக்கே, உன் கல்யாண வருஷத்து மண் உச்சியில், இப்படித்தான் எனக்குச் சொல்ல வந்தது, அவளும் எழுதிக்கொண்டாள். பிறகு துளை போட்டு மண் எடுத்துச் சோதித்தார்கள். உலோகம் அதிகமாக இருப்பது கிழக்குச் சரிவில்.

கிழக்குச் சரிவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் மழையில் அது சரிந்தபோது உன் தம்பி அடியில் பம்பு பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது நாள் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இன்ஜினீயர் பெண் சுற்றி வளைக்காமல் சொன்னாள், வீட்ல எல்லாரும் எழுதிக் கொடுத்தீங்கன்னா அந்த எடத்துல மெஷின் வைக்காம ஆளுங்கள விட்டுக் கையால எடுக்கச் சொல்றேன் ஐயா, இல்லேன்னா எல்லாம் சேர்ந்து அரவைக்குப் போயிடும் என்று. சரி என்றேன். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது, அது வெட்கமாக இருந்தது. மேலே எவ்வளவு மண் இருக்கும் என்று கேட்டாள். முப்பது அடி என்றேன், யோசிக்கவே இல்லை. அவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க என்றாள். நான் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

கொட்டியது நான்தான் மகளே. தேடுவதை நிறுத்திய மறுமாதமே அங்கேயே கொட்டச் சொன்னார்கள். முடியாது என்று சொல்ல வாய் இருந்தது, சொல்லவில்லை. நாலு வருஷம் என் பிள்ளை மேல் நானே மண்ணைக் கொட்டினேன். உன்னிடம் மறைத்தேன், அம்மாவிடம் மேற்கே கொட்டுகிறேன் என்று பொய் சொன்னேன். அன்றைக்கு மரத்துப்போன நெஞ்சுதான், இன்னும் அப்படியே கிடக்கிறது. நேற்று அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நின்றேன். அவள் நிதானமாகப் போட்டு முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, தெரியும் என்றாள். மாடியில துணி காயப்போடும்போது தெனமும் பார்ப்பேன், மத்த லாரியெல்லாம் தொட்டியத் தூக்கி உலுக்கிக் கொட்டிட்டுப் போகும், உங்களுது மட்டும் கொஞ்சங் கொஞ்சமா எறக்கும், வேற யாரு அவ்வளவு மெதுவாக் கொட்டுவா, நீங்களே கொட்டுங்கன்னு விட்டுட்டேன் என்றாள்.

தாளில் அம்மா பெயருக்குக் கீழே உன் இடம். மாதக் கடைசிக்குள் வந்து சேரும்படி பதிவுத் தபாலில் அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். முதல் கூடை மண்ணை நான்தான் எடுப்பேன் என்று இன்ஜினீயர் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் சரி என்றிருக்கிறாள்.

உன் அப்பா