வாத்தின் நெற்றியில் வைத்த பொட்டு

என் ரகுவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் மனைவி வசந்தி உன் நினைவு நாளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். உண்மையில் எனக்குப் பயம். உன்னை வழியனுப்பும்போது ஒரு பொய் சொல்லித்தான் அனுப்பினேன். அதை வைத்துக்கொண்டு உனக்கு என்ன எழுதுவது?

இன்று எழுதுகிறேன். நம் வாத்தை நேற்று பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு எந்த வாத்து என்று தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீயும் கேள், உனக்குப் பிடித்த கதைதானே. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் நீயும் நானும் ரூம்மேட்டாக இருந்த முதல் வருஷம். பாதிப் பாதி போட்டு ஒரு கார் வாங்கினோம். நமக்கு முன்னால் அதை எத்தனை பேர் ஓட்டியிருந்தார்கள் என்று அந்தக் காருக்கே தெரியாது. சான் ஆன்டோனியோ பார்க்கக் கிளம்பி, பாதி வழியில், பேர் தெரியாத ஒரு ஊரில் புகைவிட்டு நின்றது. எதிரே ஒரு பழைய கேஸ் ஸ்டேஷன், நம்மூர் பெட்ரோல் பங்க் மாதிரி. அதன் முதலாளி அதை மூடிவிட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். எதுவும் கேட்காமல் வந்து, ரேடியேட்டர் ஹோஸை மாற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நீ சும்மா இருந்தாயா? சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்த வட்டப் போர்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். எனாமல் பூசின கனமான இரும்புத் தகடு. எப்போதோ மூடிப்போன ஓர் எண்ணெய்க் கம்பெனியின் விளம்பரம். நடுவில் சிறகை விரித்துக்கொண்டு ஒரு வெள்ளை வாத்து. அதன் நெற்றியில் ஒரு நாணய அளவுக்கு எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. அவர் எடுத்துக்கொள் என்றார். வழி முழுக்க அது என் மடியில் இருந்தது. காலெல்லாம் மரத்துப்போய் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டே மாதத்தில் கார் படுத்துவிட்டது. அடுத்த வாரம் ஆயுத பூஜை.

"வண்டி இல்லாம எதுக்குடா ஆயுத பூஜை?" என்றேன்.

"வண்டிதான் போச்சு, வாத்து இருக்குல்ல" என்றாய்.

டிவி ஸ்டாண்டின் மேல் போர்டை நிறுத்தினாய். சந்தனம் இல்லை. வெறும் குங்குமம் ஒட்டவில்லை என்று தேங்காய் எண்ணெயில் குழைத்து, சரியாக அந்தப் பெயர்ந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாய். எலுமிச்சம்பழத்தை நசுக்க டயர் இல்லாததால், பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்தோம். அதற்குப் பிறகு நல்ல கார்கள் வந்தன, வசந்தி வந்தாள், என் கல்பனா வந்தாள், உனக்கு நிலா பிறந்தாள். ஒவ்வொரு வருஷமும் முதல் பொட்டு வாத்துக்கு, அப்புறம்தான் கார். எண்ணெயும் குங்குமமும் இரும்பில் ஊறி ஊறி, எந்தத் துணிக்கும் போகாத சிவப்பாகிவிட்டது. நிலா பேசக் கற்றதும் அதை "டக் சாமி" என்றாள்.

வேலை மாறி நீ நியூ ஜெர்சிக்குப் போனபோது வெஸ்ட் வின்ட்சரில் முதலில் கிடைத்தது சின்ன அபார்ட்மென்ட். வாத்தை என் கராஜில் மாட்டினாய். "வீடு வாங்கினதும் எடுத்துக்கறேன், பொட்டு மட்டும் மறக்காத" என்றாய். இரண்டு வருஷம் வைத்தேன். மூன்றாம் வருஷம் மறந்தேன். அதன் முன்னால் ஏணி வந்தது, கிறிஸ்துமஸ் மரம் வந்தது, பிறகு வாத்து கண்ணிலேயே படவில்லை.

ஹூஸ்டனிலேயே இப்போதைய வீட்டுக்கு மாறும் முன், வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பிக் கராஜ் சேல் போட்டோம். கல்பனா கோயிலுக்குப் போயிருந்தாள். பிக்கப் வண்டியில் வந்த ஒருவர் போர்டைத் தூக்கிப் பார்த்து எவ்வளவு என்றார். எனக்கு அன்று இடுப்பு வலி, வெயில், இன்னும் நாற்பது பெட்டி கட்ட வேண்டும். இருபது டாலர் என்றேன். பேரமே பேசாமல் கொடுத்தார். கராஜ் சேலில் பேரம் பேசாத மனிதனைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் அது உன்னுடையது என்ற நினைப்பே வந்தது.

உனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நீ கத்தியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், பிறகு சரியாகியிருக்கும். நான் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நீயும் வசந்தியும் வந்தபோது கராஜில் இன்னும் பெட்டி பிரிக்கவில்லை என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். நீ அந்தக் கதவுவரை வந்தாய். கைப்பிடியில் கைகூட வைத்தாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "காபி கெடைக்குமாடா சேகர்?" என்றாய். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு நானே போய் டிகாஷன் போட்டேன்.

அப்புறம் நீ படுத்த படுக்கையானாய். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த என்னிடம் நீ வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் உளறினேன். உன்னை அந்த நிலையில் பார்த்து என்ன பேசுவதென்று தெரியாமல், "வாத்து பத்திரமா இருக்குடா. நீ எழுந்து வா, நானே டிரைவ் பண்ணி எடுத்துட்டு வரேன்" என்றேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்டயே இருக்கட்டும்டா" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இந்த வருஷ ஆரம்பத்தில் நிலாவிடமிருந்து ஃபோன். உன் பெண் ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கிவிட்டாள் ரகு. சின்னதுதான், ஆனால் கராஜ் இருக்கிறது. "சித்தப்பா, கராஜ்ல ஒரு சுவரக் காலியா வச்சிருக்கேன். ஆணிகூட அடிச்சாச்சு. அப்பாவோட டக்கை எப்ப ஷிப் பண்றீங்க?" என்றாள். உன் பெண்ணிடமும் சொன்னேன்: "பத்திரமா இருக்கும்மா. அனுப்பறேன்."

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். தேடத் தேடத்தான் உலகம் எங்கேயோ போய்விட்டது தெரிந்தது. பழைய கேஸ் ஸ்டேஷன் சாமானுக்கென்றே ஏலம் நடக்கிறது. பம்பின் தலையில் இருக்கும் கண்ணாடிக் குண்டு, திறக்காத ஆயில் டின், கையால் அடிக்கிற பம்பு, ஏன், கழிப்பறைச் சாவியில் தொங்கின தகடுகூட விலை போகிறது. ஒவ்வோர் ஏலத்திலும் விலை முந்தினதைத் தாண்டிக்கொண்டே போகிறது. ஸ்டேஷன் மூடினால் போர்டைக் குப்பையில் வீசின ஊர் இது. இப்போது பாதிப் பேர் காரை வீட்டிலேயே சார்ஜ் போடுகிறார்கள், அந்தத் தகரத்தை ஹாலில் மாட்ட அடித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஓர் ஏலப் பட்டியலில் வட்டப் போர்டு, வெள்ளை வாத்து. படத்தைப் பெரிதாக்கினேன். நெற்றியில் நம் சிவப்பு. கீழே வர்ணனை எழுதியிருந்தார்கள்: நெற்றியில் இயற்கையான பழந்துரு, யாரும் கைவைக்காத அசல் நிலை. ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன், அப்புறம் அங்கே இருக்க முடியவில்லை.

கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கல்பனா ஏன் என்று கேட்கவில்லை. "எனக்கு அத வித்த அன்னிக்கே தெரியும், நீங்க என்னிக்காவது இதுக்கு அலைவீங்கன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினாள்.

நேற்று மதியம், டாலஸ் பக்கம் ஒரு பெரிய ஷெட்டில் ஏலம். தொப்பி போட்ட பெரியவர்கள், கையில் நம்பர் அட்டை. அத்தனை பேரில் வேட்டி புடவை கட்டாத குறையாக நாங்கள் இரண்டு பேர். வாத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்கள், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. நாம் அதை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து ஜூஸ் குடித்தோம், நினைத்துப் பார். என் கூரைப் பணம் முழுசாக ஒரு நிமிஷம் தாங்கவில்லை. தாண்டின பிறகும் நான் அட்டையை இறக்கவில்லை. கல்பனாதான் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். ஃபோனில் ஏலம் கேட்ட யாரோ ஒருவருக்குப் போயிற்று. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. அந்த விலைக்கு நம் முதல் காரைப் போல நாற்பது வாங்கலாம்.

பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து வசந்திக்கு ஃபோன் போட்டேன். இனிமேலும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. கராஜ் சேலிலிருந்து ஏலம்வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அண்ணா, அவருக்குத் தெரியும்ணா" என்றாள் கடைசியில்.

"என்னம்மா தெரியும்?" என்றேன்.

"உங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்தோமே, அதுக்கு முன்னாடி சான் ஆன்டோனியோல ரெண்டு நாள் இருந்தோம். அங்கேர்ந்து டிரைவ் பண்ணி வர்ற வழியில ஒரு ஆன்டிக் ஷாப்ல நிறுத்தினார். உள்ள போன மனுஷன் வரவே இல்ல. போய்ப் பாத்தா சுவத்துல நம்ம வாத்து. அந்தப் பொட்டைத் தொட்டுக்கிட்டு நின்னுட்டிருந்தார்."

"ஏம்மா அப்பவே வாங்கல?"

"நானும் அதான் கேட்டேன். அப்ப விலை ஒண்ணும் பெரிசில்ல. 'வாங்கி எங்க மாட்டறது வசந்தி? சேகர் நம்ம வீட்டுக்கு வந்தா பாப்பானே'ன்னார். வண்டில ஏறினப்புறம், 'அவன்கிட்ட இதப் பத்திக் கேக்காத'ன்னு சொன்னார். அவ்வளவுதான்ணா. அப்புறம் அதப் பத்தி அவர் பேசவே இல்ல."

ரகு, அப்படியானால் அந்தக் கதவின் கைப்பிடியில் கை வைத்தபோதே உனக்குத் தெரியும். உள்ளே வாத்து இல்லை என்று தெரிந்துதான் காபி கேட்டாய். அது நான் வாயைத் திறப்பதற்கு நீ கொடுத்த நேரமா? இல்லை, என்னை விட்டுவிட்டாயா? ஆஸ்பத்திரியில் நான் அத்தனை தைரியமாகப் பொய் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு என்னடா நினைத்தாய்? எனக்கு உன்மேல் கோபமாகக்கூட இருக்கிறது. ஒரு தடவை திட்டியிருக்கலாம் நீ. எனக்காக அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தாயே, எப்படி மனசு வந்தது உனக்கு?

நிலாவுக்கு எதுவும் தெரியாது. "நான் சொல்லட்டுமாண்ணா?" என்று வசந்தி கேட்டாள். வேண்டாம், என் வாயால்தான் சொல்ல வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை ஃப்ரீமான்ட்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஃபோனில் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அவள் ஆணி அடித்து வைத்திருக்கும் சுவர் முன்னால் நின்று, உன் அப்பாவின் வாத்தை இருபது டாலருக்கு விற்றது நான்தான் என்று சொல்வேன். அது உன் அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் சொல்வேன். அவள் கத்தினால் கேட்டுக்கொள்வேன். ஒரு மாதம் பேசாவிட்டால் காத்திருப்பேன். அந்தச் சுவர்வரை போகக் கராஜ் கதவை அவள்தான் திறந்துவிட வேண்டும். உன்னை மாதிரி கதவிலேயே திரும்பி நான் காபி கேட்க மாட்டேன்டா.

உன் நிலாவுக்குச் சித்தப்பா,
சேகர்